யாழ்ப்பாணத்தில பாடப்புத்தகம் தவிர்ந்த புத்தகங்கள் எங்க வாங்கிறது? (புதுசும் பழசும்)

தின்னவேலி_வாசகன்

வணக்கம் எல்லாருக்கும். கனகாலம் கொழும்பில வேலை செய்திட்டு இப்ப இடமாற்றம் கிடைச்சு ஊரோட வந்திட்டன். மாசம் ஒரு 5000 ரூபா புத்தகத்துக்கெண்டு ஒதுக்கலாம், அதுக்கு மேல போனா வீட்டில சண்டை வரும். பிரச்சினை என்னெண்டா ரவுணுக்குள்ள கனக்கக் கடையில முன்பக்கம் முழுக்கக் கொப்பி, பாஸ்ட் பேப்பர், ஐஞ்சாம் ஆண்டு ஸ்கொலஷிப் வழிகாட்டி, பின்னுக்கு ஒரேயொரு றாக்கை, அதில சரித்திர நாவல், சமையல், சாத்திரம், பணக்காரன் ஆவது எப்படி, அவ்வளவுதான். எனக்கு துப்பறியும் கதை பிடிக்கும், மொழிபெயர்ப்பு பிடிக்கும், விஞ்ஞானக் கதை தமிழில என்ன வருதெண்டே தெரியேல்ல, எங்கட ஊர் வரலாறு தேடி வாசிக்க விருப்பம், பழைய கொமிக்ஸ் கண்டா விடமாட்டன். பேஸ்புக்கில பாத்தா எல்லாரும் அதே பத்துப் புத்தகத்தைத்தான் மாறி மாறிப் படம் எடுத்துப் போடுறாங்கள், அதுக்கு வெளியால நல்லது எதெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பழைய புத்தகத்துக்கு இஞ்ச ஒரு இடம் இருக்கோ, இல்லாட்டி கொழும்புக்குத்தான் ஓடோணுமோ? இங்கிலிஷ் புத்தகமும் பரவாயில்ல.

பழைய_றாக்கை

தம்பி, முதல்ல உம்மட 5000 ரூபாவை எதில எப்ப போடுறதெண்டு யோசியும், கடை எதெண்டு பிறகு பாக்கலாம். என்ர கணக்கு இதுதான்: ஈழத்துப் புத்தகத்தைக் கண்ட இடத்தில வாங்கிப்போடும், இந்தியப் புத்தகத்தை ஆறுதலா வாங்கலாம். இஞ்ச ஒராள் புத்தகம் போட்டா அனேகமா அடிக்கிறது 300, மிஞ்சினா 500. அதில ஒரு பங்கு வெளியீட்டு விழாவிலயே முடிஞ்சிடும், ஒரு பெட்டி கனடாவுக்கோ லண்டனுக்கோ போகும், ஆசிரியர்ர வீட்டில கட்டிலுக்குக் கீழ கொஞ்சம் கிடக்கும், கடைக்கு வாறது மிச்சம்தான். ரெண்டாம் பதிப்பு வாறது அருமையிலும் அருமை. "அடுத்த மாசம் சம்பளம் எடுத்திட்டு வாறன்" எண்டு வைச்சிட்டு வந்தா அதோட சரி. காலச்சுவடு, எதிர் வெளியீடு, பாரதி புத்தகாலயம் மாதிரி இந்தியப் பதிப்பகங்கள் போடுறதெண்டா இந்த வருசம் தவறினாலும் அனேகமா அடுத்த வருசம் அம்பிடும்.

எங்கத்தையான் புத்தகமெண்டு விளங்காட்டிப் பின்னட்டையில ஐஎஸ்பிஎன் எண்ட புத்தக இலக்கத்தைப் பாரும். 978க்குப் பிறகு 955 இல்லாட்டி 624 எண்டா இலங்கை, 81 இல்லாட்டி 93 எண்டா இந்தியா. எங்கட ஆக்களின்ர புத்தகமும் கனக்கச் சென்னையில பதிப்பாகி வாறதால இதை மட்டும் நம்பேலாது, ஆனா றாக்கைக்கு முன்னால நிண்டு யோசிக்கேக்க உதவும்.

கடையெண்டா ஆஸ்பத்திரி வீதிப் பூபாலசிங்கத்தில தொடங்கும். கொழும்பில செட்டியார் தெருவிலயும் வெள்ளவத்தையிலயும் அவையளுக்குக் கடை இருக்கு, இஞ்ச இல்லாததை எடுப்பிச்சுத் தர ஏலுமோ எண்டு கேட்டுப்பாரும். எந்தக் கடையிலயும் சும்மா "நல்ல நாவல் இருக்கோ" எண்டு கேட்டா நிக்கிற பெடியன் பாவம் என்ன செய்வான், முன்னால கிடக்கிறதைத்தான் எடுத்துத் தருவான். பேர், ஆசிரியர், பதிப்பகம் மூண்டையும் துண்டில எழுதிக்கொண்டு போய்க் குடும். கொழும்புக்குப் போற அலுவல் வந்தா பீப்பிள்ஸ் பார்க்கில இருக்கிற சேமமடுவையும் வெள்ளவத்தையில குமரனையும் ஒருக்கா எட்டிப்பாரும்.

விலையைப் பாத்துப் பயப்பிடாதையும். இந்திய 100 ரூபா பாங்க் கணக்கில இப்ப 350க்குக் கிட்ட வரும், ஏத்துக்கூலி, கடைக்காரன்ர கழிவு எல்லாம் சேர நாலால பெருக்கிப் பாத்தா அண்ணளவாச் சரியா வரும். 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் பாய்ஞ்சதோட இந்தியப் புத்தகம் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போட்டுது, இறங்கினது கொஞ்சம்தான். அதாலதான் அந்த நேரத்துக்கு முன்னம் வந்து விக்காமல் கிடக்கிற புத்தகத்தை றாக்கையின்ர கீழ்த்தட்டில குந்தியிருந்து தேடோணும் எண்டு சொல்லுறனான், சிலதில பழைய விலை ஸ்ரிக்கர் அப்பிடியே ஒட்டிக் கிடக்கும், அந்த விலைக்கே தருவினம். தூசி தட்ட ஒரு லேஞ்சி கொண்டு போம்.

வடமராட்சி_அக்கா

அண்ணை சொன்னது சரி, ஆனா அவர் வெளியீட்டு விழாவைச் சும்மா தொட்டிட்டுப் போட்டார். தம்பி, யாழ்ப்பாணத்தில புதுப் புத்தகத்தின்ர உண்மையான கடை அதுதான். சனி ஞாயிறு பேப்பரைப் பாருங்கோ, ஏதாவது ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலயோ சனசமூக நிலையத்திலயோ நூல் வெளியீடு எண்டு கிடக்கும். அழைப்பு வராட்டிலும் போகலாம், ஒருத்தரும் ஏன் வந்தனீ எண்டு கேக்கமாட்டினம், சந்தோசப்படுவினம். முறை என்னெண்டா முதற்பிரதி சிறப்புப்பிரதி எல்லாம் பேர் கூப்பிட்டுக் குடுத்து முடிஞ்சாப் பிறகு மற்ற ஆக்கள் வரிசையில போய் என்வலப்பில காசை வைச்சுக் குடுத்திட்டு ஒரு பிரதி எடுக்கிறது. அட்டையில போட்ட விலையோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ வைச்சாக் காணும், ஆயிரக்கணக்கில வைக்கிற பெரிய மனுசரைப் பாத்து வெக்கப்படத் தேவையில்ல. பேச்சு நீளும், தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, பிறகு ஏற்புரை எண்டு போகும், வடையும் பிளேன்ரீயும் தருவினம், பொறுமையா இருங்கோ. மதிப்புரை சொல்ல வாற ஆக்களில ஒராளாவது கட்டாயம் வேற அஞ்சு புத்தகத்தின்ர பேர் சொல்லுவார், அதை எழுதி எடுங்கோ. நான் தேடி வாசிச்ச கனக்க ஊர் வரலாற்றுப் புத்தகங்கள், கோயில் மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர் எல்லாம் அப்பிடி மேடையில ஆரோ சொல்லக் கேட்டதுதான். இதுகள் கடைக்கே வராது.

பழசுக்கு இஞ்ச நிரந்தரமா ஒரு தெரு எண்டு இல்ல. பழைய புத்தகம் வீடுகளில கிடக்கு. வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் வந்து வளவை வித்திட்டு அப்பான்ர அலுமாரியைத் திறந்து பாத்திட்டு என்ன செய்யிறதெண்டு தெரியாமல் கிலோக் கணக்கில பேப்பர்காரனுக்குப் போட்டுட்டுப் போவினம். 95ல யுத்தத்தால எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வில தப்பி வந்த புத்தகம் கடைசியா வீடு விக்கேக்க போகுது. போன வருசம் கோயில் வாசலில வாங்கின கச்சான் சுருளை விரிச்சுப் பாக்கிறன், பழைய வீரகேசரிப் பிரசுர நாவலொண்டின்ர பக்கம், நடுவில ஒரு கலியாணப் பேச்சு, முடிவு தெரியாமல் கச்சானைத் திண்டு முடிச்சன். அதுக்குப் பிறகு எங்கட ஊர்ப் பேப்பர்காரத் தம்பியிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன், கட்டு வந்தா எனக்கு ஒருக்காக் காட்டிப்போட்டுத்தான் ஏத்துவான், நான் எடுக்கிறதுக்குக் கிலோ விலையை விடக் கொஞ்சம் கூடக் குடுப்பன், அவனுக்கும் லாபம். உங்கட பக்கத்திலயும் ஒராளைப் பிடியுங்கோ.

மாயாவி_ரசிகன்

கொமிக்ஸ் எண்ட சொல்லைக் கண்டுதான் வந்தனான் 😀 மச்சான் பழைய கொமிக்ஸ் இப்ப ஆனை விலை குதிரை விலை. முத்து கொமிக்ஸ் 1972ல சிவகாசியில தொடங்கினது, லயன் கொமிக்ஸ் 1984ல, ரெண்டும் இப்பவும் வருது, அதால புதுசை இந்தியாவுக்குப் போய்வாற ஆக்களிட்டைச் சொல்லி எடுக்கலாம். 80களில வந்ததுகளைத்தான் சேகரிக்கிற ஆக்கள் நினைச்ச விலைக்கு விக்கிறாங்கள், ஒரு பேஸ்புக் பக்கத்தில நான் ஒண்டு வாங்கினன் (பேர் வேண்டாம்), போட்டோவில தங்கம் மாதிரி இருந்தது, வந்து பாத்தா அட்டை கலர் போட்டோகொப்பி, நடுப்பக்கம் நாலு இல்ல. அதால காசு போட முன்னம் முதல்பக்கம், நடுப்பக்கம், கடைசிப்பக்கம், முதுகில ஸ்ரேப்பிள் பின் அடிச்ச இடம் எல்லாத்தையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. பின் கறள் பிடிச்சிருந்தா நல்லது, பளபளவெண்டு இருந்தா ஆரோ கழட்டிப் பூட்டியிருக்கிறான்.

நாவலுக்கும் ஒண்டு சொல்லுறன், புத்தகம் அனேகமா 16 பக்கம் 16 பக்கமாத்தான் அச்சாகி மடிச்சுக் கட்டுறது, ஒரு மடிப்புத் தவறினா 16 பக்கம் அப்பிடியே போகும், இல்லாட்டி அதே 16 பக்கம் ரெண்டுதரம் இருக்கும். முழுக்கப் புரட்ட நேரமில்லாட்டி 16, 17 அடுத்தடுத்து வருதோ, 32, 33 வருதோ, 48, 49 வருதோ எண்டு பாத்துக்கொண்டே போங்கோ. துப்பறியும் கதையெண்டா கடைசி மடிப்பைக் கட்டாயம் பாருங்கோ, கொலைகாரன் அதுக்குள்ளதான் இருப்பான்.

இங்கிலிஷ் பழசெண்டா யோசிக்காமல் கொழும்புதான். கோட்டையில இறங்கி மருதானைப் பக்கம் டீ.ஆர்.விஜேவர்தன மாவத்தையில வரிசையாப் பழைய புத்தகக் கடை, தமிழ் அருமை, ஆனா திரில்லர், சயன்ஸ் பிக்சன் குமிஞ்சு கிடக்கும். முதல் சொல்லுற விலையைக் குடுக்காதேங்கோ, மூண்டு நாலு புத்தகத்தை ஒண்டா அடுக்கி வைச்சிட்டு மொத்தமா எவ்வளவெண்டு கேளுங்கோ. செப்டெம்பர்ல பண்டாரநாயக்கா மண்டபத்தில நடக்கிற புத்தகக் கண்காட்சிக்குப் போறதெண்டா சனி ஞாயிறு போகாதேங்கோ, மூச்சு விடேலாது.

எல்லாம்_பிடிஎஃப்

இவ்வளவு கஷ்டம் ஏன் ப்ரோ, ரெலிகிராமில எல்லாம் சும்மா கிடக்கு.

பழைய_றாக்கை

எல்லாம்_பிடிஎஃப் தம்பி, 300 பிரதி அடிச்சுக் கைக்காசை விட்ட மனுசன்ர புத்தகத்தையும் நீங்கள் ஸ்கான் பண்ணிப் போட்டா அடுத்த புத்தகத்தை ஆர் எழுதுவினம்? சும்மா வாசிக்க ஒழுங்கான வழி இருக்கு. நூலகம் எண்ட இணையத்தளம் 2005ல இருந்து ஈழத்து நூல், சஞ்சிகை, பத்திரிகை, விழா மலர் எல்லாம் ஸ்கான் பண்ணிச் சேர்த்துக்கொண்டு வருது. பழைய இலக்கியம் எண்டா மதுரைத் திட்டம் எண்ட இணையத்தளம், அது 1998ல இருந்து.

கேட்ட தம்பிக்கும் இதில விசயம் இருக்கு. நூலகத்தை வாசிக்கிறதுக்கு மட்டுமில்லாமல் தேடுறதுக்கும் பாவியும். ஒரு ஆசிரியர்ர பேரை அடிச்சா அவர் போட்ட மற்றப் புத்தகம் வரும், பதிப்பகத்தை அமத்தினா அவை போட்டதெல்லாம் வரிசையா வரும். 70களில இந்தியச் சஞ்சிகை, புத்தகம் இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு வந்த நேரம் இஞ்ச கனக்க நாவல் வந்தது, மர்மக்கதைகூட இருக்கு, அக்கா சொன்ன வீரகேசரிப் பிரசுரம் அந்தக் காலத்துச் சரக்குத்தான். அதை அப்பிடியே வரிசையாப் பாத்து ஒரு பட்டியல் எழுதி வைச்சிட்டுப் பிறகு பேப்பர்காரனிட்டையும் பழைய வீடுகளிலயும் தேடும், பேர் தெரியாமல் தேடினா கண்ணுக்கு முன்னால கிடந்தாலும் தெரியாது. மல்லிகை எண்ட ஈழத்து இலக்கியச் சஞ்சிகையின்ர பழைய இதழ்களையும் புரட்டும், மதிப்புரைப் பக்கமும் பின்னட்டை விளம்பரமும் ஒரு பெரிய வழிகாட்டி.

மொழிபெயர்ப்புக்கு வேற முறை. ஆசிரியரை விட்டிட்டு மொழிபெயர்ப்பாளரைப் பிடியும். ஒண்டு நல்லா ஓடிச்செண்டா அவர் வேற என்ன செய்திருக்கிறார் எண்டு பாரும், மொழி தட்டுப்படாமல் செய்யிற ஆக்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். விஞ்ஞானக் கதையும் அப்பிடித்தான் எனக்கு அம்பிட்டது.

தின்னவேலி_வாசகன்

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு வருமெண்டு நினைக்கேல்ல. ரெண்டு கேள்வி. பழைய புத்தகம் வீட்டுக்குள்ள வந்தா பூச்சி மற்றப் புத்தகத்துக்கும் போகுமெண்டு அம்மா கத்துறா, என்ன செய்யலாம்? மற்றது, சென்னைப் புத்தகக் கண்காட்சியில ஆரையாவது கொண்டு எடுப்பிக்கிறது லாபமோ?

மாயாவி_ரசிகன்

லாபம்தான். ஜனவரியில நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில நடக்கும், வழமையா 10 வீதம் கழிவு. 2022 டிசம்பரில பலாலி - சென்னை பிளேன் திரும்பவும் ஓடத் தொடங்கினதில இருந்து போய்வாற ஆக்கள் கனக்க. ஆனா புத்தகம் பாரம் மச்சான், ஒராளிட்ட நாலு அஞ்சுக்கு மேல கேட்டா அடுத்தமுறை போறதையே உங்களுக்குச் சொல்லமாட்டினம்.

வடமராட்சி_அக்கா

அம்மா கத்துறது நியாயம். வெய்யிலில காயப் போடாதேங்கோ, எங்கட வெய்யிலுக்குக் கடதாசி மஞ்சளாகி மொறுமொறுவெண்டு வந்திடும். முதல் வீட்டுக்கு வெளியால வைச்சு மெல்லிய பிரஷால தட்டுங்கோ, பிறகு காத்துப் போகாத பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி டீப் பிரீசரில ஒரு கிழமை விடுங்கோ, பூச்சி செத்துப்போம். வெளியில எடுத்த கையோட பையைத் திறக்கக்கூடாது, ஒரு நாள் அப்பிடியே விட்டுக் குளிர் போனாப் பிறகுதான் திறக்கோணும், இல்லாட்டிப் புத்தகத்தில தண்ணி பூத்திடும். கறையான் அரிச்ச புத்தகமெண்டா எவ்வளவு அருமையா இருந்தாலும் வீட்டுக்குள்ள எடுக்காதேங்கோ, படம் எடுத்துக்கொண்டு விட்டிட்டு வாங்கோ. இன்னொண்டு, பொது நூலகமோ பள்ளிக்கூட நூலகமோ சீல் அடிச்சுக் கிடந்து, அதைக் கழிச்சதுக்கு அடையாளம் இல்லாட்டிக் காசு குடுத்து வாங்காதேங்கோ, விக்கிற ஆளிட்டைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கோ.

பிரீசருக்குள்ள மீன் கிடந்தா அம்மாவிட்ட முதலே கதைச்சுப்போட்டு வையுங்கோ.