பல் மருத்துவ மேற்படிப்புப் பதிவு: ஊசி அட்டை இல்லாமல் சேர்ந்தவர்கள் உண்டா?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அரசாங்கப் பல் கிளினிக்கில் வேலை செய்யும் என் தங்கச்சிக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. பட்டம், மலேசியப் பல் மருத்துவ மன்றப் பதிவு, இந்த வருஷத்துத் தொழில் சான்றிதழ் எல்லாம் ஃபைலில் தயார்.

இடிப்பது ஹெப்பட்டைட்டிஸ் பி ஊசிதான். அட்டையை அம்மா தோட்டத்து வீட்டில் பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தியிருந்தார் (அவருடைய பேங்க் லாக்கர் அது). மழைத் தண்ணீர் இறங்கி மை கரைந்துவிட்டது. அவள் பெயரும் பாதி முத்திரையும்தான் மிச்சம்.

இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்பது தெரியும். அந்த முடிவை மட்டும் காட்டிப் பதிவு செய்தவர்கள் இருக்கிறீர்களா? மறுபடி மூன்று ஊசி என்றால் 6 மாதம் ஓடிவிடுமே! அப்புறம், ஈப்போ பக்கம் ரிசல்ட் சீக்கிரம் தரும் லேப் எது?