ஓவர்டிரைவ் சுவிட்ச்: முடிவாகிவிட்டது (புதுப்பிப்பு)

என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபிக்கு ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் பற்சக்கர அமைப்பு) சுவிட்சை எங்கே வைப்பது என்று முன்பு உங்களிடம் கேட்டிருந்தேன். டாஷ்போர்ட்டா, ஸ்டியரிங் தண்டா, கியர் குமிழா என்று ஆளுக்கொரு பக்கம் நின்றீர்கள்.

டாஷ்போர்ட்தான். ஸ்டியரிங் வளையத்துக்கு வலப்பக்கம், கையை எடுக்காமலே விரல் எட்டும் தூரத்தில் ஒரு தட்டுச் சுவிட்ச். கீழே தள்ளினால் ஓவர்டிரைவ். பார்க்காமலே தடவித் தெரிந்துகொள்ளலாம். 1977 மாடல் முதல் கம்பெனியே கியர் குமிழில்தான் வைத்தது, பார்க்க அழகும் அதுதான். ஆனால் அங்கே ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் வயர் வளைகிறது. கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் காலி வீதியின் நெரிசலில் எத்தனை தரம் கியர் மாற்றுகிறோம்! தண்டு நல்ல இடம், ஆனால் என் காருக்குப் பொருந்தும் பாகம் கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்கவில்லை.

கியர்பெட்டியில் உள்ள தடைச் சுவிட்சைக் கழற்றிவிடலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். ஓவர்டிரைவ் மூன்றாம், நான்காம் கியரில் மட்டும் விழப் பார்த்துக்கொள்வது அதுதான். ஓவர்டிரைவோடு ரிவர்ஸ் எடுத்தால் உள்ளிருக்கும் ஒருவழி கிளச் (ஒரு திசையில் மட்டும் சுழல விடும் பாகம்) போய்விடும்.

கொட்டாவையில் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகும்போது சுவிட்சைத் தட்டினேன். இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று இறங்கி, சத்தமும் குறைந்தது. அப்புறம்தான் பக்கத்திலிருந்தவர் பேசுவது கேட்டது.