புதுப்பிப்பு: டினோர்விக் வரைபடத்தில் இருந்த அந்த நேர்க்கோடுகள்

வேல்ஸின் டினோர்விக் ஸ்லேட் குவாரியைக் காட்டும் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனம்) வரைபடத்தைப் போட்டு, மலைச்சரிவில் நேராக இறங்கும் கோடுகள் என்னவென்று கேட்டிருந்தேன் அல்லவா? விடை கிடைத்துவிட்டது. அவை சாய்தளத் தண்டவாளங்கள். மேலே ஒரு பெரிய உருளை, அதில் கம்பிவடம். கல் ஏற்றிய வண்டிகள் கீழே இறங்கும் எடையே காலி வண்டிகளை மேலே இழுத்துவிடும். எஞ்சின் தேவையில்லை, பிரேக் பிடிக்க ஓர் ஆள் போதும்!

கோடுகள் ஏன் படிப்படியாக முறிகின்றன என்பதும் இப்போது புரிகிறது. குவாரியை மலையில் தட்டுத் தட்டாக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் குறுகிய பாதை ரயில். கீழே வந்ததும் அந்தச் சின்ன வண்டிகளை அப்படியே பெரிய வண்டியில் ஏற்றி, பாடார்ன் ரயில்பாதை வழியாகத் துறைமுகத்தை நோக்கி அனுப்பினார்கள்.

அப்புறம், குவாரியை ஒட்டிய பெரிஸ் ஏரியின் கரையை இன்றைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கழிவுக் கல்லை ஏரியிலேயே கொட்டியிருக்கிறார்கள். குவாரி 1969-இல் மூடப்பட்டது. 1984-இல் திறந்த நீர்மின் நிலையம் அதே மலைக்குள்தான் இருக்கிறது. பழைய வரைபடத் தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆறு அங்குலத் தாளே (ஒரு மைலை ஆறு அங்குலமாக வரைந்தது) போதும்.