லிஜியாங் போகிறோம், மூன்று நாள் திட்டம் சரியா?

சத்துவாச்சாரி வாசி:
ஏப்ரலில் அம்மாவோடு சீனாவின் யுன்னான் பக்கம் கிளம்புகிறோம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாக குன்மிங், அங்கிருந்து ரயிலில் லிஜியாங். அம்மாவுக்கு வயது 62, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், சுத்த சைவம். முதல் நாளே பனிமலை கேபிள் காரை முடித்துவிட்டு, இரண்டாம் நாள் பழைய ஊர், மூன்றாம் நாள் பைஷா கிராமம் என்று போட்டிருக்கிறேன். சரியா வருமா? தங்கும் இடம் பழைய ஊருக்குள்ளேயே எடுக்கலாமா?

ஆற்காடு மலைநடை:
திட்டத்தின் வரிசையை மாற்றுங்க. பனிமலை கடைசி நாள், அதற்குள் உடம்பு உயரத்துக்குக் கொஞ்சம் பழகிவிடும்.

வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர். லிஜியாங் ஊரே 2,400 மீட்டர், அதாவது ஊட்டியைவிட உயரம். யுலோங் பனிமலையின் பெரிய கேபிள் கார் 3,356 மீட்டரில் ஏற்றி, கால் மணி நேரத்தில் 4,506-ல் இறக்கிவிடும். அங்கே காற்றழுத்தம் நம்ம ஊரில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதற்கு மேல் 4,680 வரை மரப்படிகள், இன்னும் 174 மீட்டர் ஏற்றம். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எல்லாம் வருவது பெரும்பாலும் அந்தப் படிகளில்தான், காரணம் உயரம் பாதி, அவசரம் பாதி. பத்துப் படி ஏறினால் ஒரு நிமிஷம் நிற்கணும். தலைவலியோடு தள்ளாட்டமும் சேர்ந்தால் உடனே கீழே இறங்கணும், மேலே உட்கார்ந்து சரியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடையில் விற்கும் ஆக்ஸிஜன் டப்பா சில நிமிஷம் தெம்பு தரும், அவ்வளவுதான். மிச்சம் இருந்தால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

அம்மா விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் கேபிள் கார் டிக்கெட் எடுக்காதீங்க. உயர நோய்க்குத் தரும் அசெட்டஸோலமைடு மாத்திரை சல்ஃபா வகை மருந்துகள் அலர்ஜி உள்ளவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம், பிரஷர் மாத்திரையோடு எப்படிச் சேரும் என்பதையும் அவர்தான் சொல்லணும்.

டிக்கெட் நேரம் குறித்துத்தான் தருவார்கள், பாஸ்போர்ட் எண் வேணும், சீசனில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். தங்கும் விடுதிக்காரரிடம் சொல்லி எடுக்க வைப்பது சுலபம். பலத்த காற்று அடித்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். அதனால் கடைசி நாளுக்குப் பின்னால் அரை நாளாவது காலியாக விடுங்க.

கோட்டை வாசல்:
மலைநடை அண்ணன் மலையைச் சொல்லிவிட்டார், நான் ஊரைச் சொல்கிறேன்.

பாலாற்று மணலைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த ஊரில் முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான். வடக்கே கருப்பு டிராகன் குளத்தில் ஊறும் தண்ணீர் யு ஆறாக ஊருக்குள் வந்து மூன்று கிளையாகப் பிரிகிறது, தெருவுக்குத் தெரு ஓடை. வழி தப்பினால் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து எதிரே நடங்க, வடக்கு வாசலில் இருக்கும் பெரிய நீர்ச்சக்கரத்தில் கொண்டுபோய் விடும். மூன்று குழிக் கிணறு என்று ஒன்று உண்டு: ஊற்றுத் தண்ணீர் மேல் தொட்டியில் குடிக்க, நடுவில் வழிவது காய்கறி கழுவ, கடைசியில் துணி துவைக்க. இன்றும் சில இடங்களில் அந்த வரிசை மாறாமல் இருக்கிறது. மேல் தொட்டியில் கை கழுவிவிடாதீங்க.

நம்ம வேலூர்க் கோட்டைக்கு அகழி, அதற்குமேல் மதில். இந்த ஊருக்கு மதிலே கிடையாது. ஆண்ட குடும்பத்தின் பெயர் மூ, சீன எழுத்தில் மரம். மரத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் 'சிக்கிக்கொண்டது' என்ற எழுத்தாகிவிடும், அதனால்தான் கட்டவில்லை என்பது அங்கே சொல்லும் கதை. மூ மாளிகையைப் பழசு என்று நினைத்துப் போனால் ஏமாறுவீங்க. 1996 பிப்ரவரி 3 நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுப்பியது அது. ஆனால் மர வீடுகளைக் கவனிங்க: ஆணி இல்லாமல் துளையும் முளையுமாகக் கோத்த சட்டம், சுவர் மண். நடுங்கினால் சுவர் வெளிப்பக்கம் சரியும், சட்டம் ஆடி நிற்கும். அடுத்த வருஷமே, 1997-ல், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்தது.

கடைப் பலகைகளில் மேலே இருக்கும் சின்னச் சின்னப் படங்கள் அந்தப் பகுதியின் பழங்குடியான நாஷி மக்களின் தொங்பா எழுத்து. அதை எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்துப் பூசாரிகள் மட்டும். இன்றைக்குப் பலகையில் இருப்பது பாதி அலங்காரம்.

தங்கும் இடம் உள்ளேயே எடுக்கலாம். ஆனால் வண்டி உள்ளே வராது, கல் பாவிய தெருவில் சூட்கேஸ் சக்கரம் படாதபாடு படும். வாசலிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை படி என்று கேட்டுவிட்டு எடுங்க. மது விடுதித் தெருவுக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம், இரவெல்லாம் சத்தம். மழை பெய்தால் கல் வழுக்கும், அம்மாவுக்கு ரப்பர் அடி செருப்பு.

சீனா முழுக்க ஒரே கடிகாரம், நம்மைவிட இரண்டரை மணி முன்னால். லிஜியாங் மேற்கே இருப்பதால் காலை ஏழு மணிக்கும் ஊர் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் குளக்கரைக்குப் போங்க. காற்று எழும் முன்னால்தான் பனிமலையின் நிழல் தண்ணீரில் கலங்காமல் விழும். வறட்சி வருஷத்தில் குளமே வற்றுவதும் உண்டு, முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

சாப்பாட்டு ராமன்:
"மாமிசம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கறித்துண்டு இல்லாமல் பன்றிக் கொழுப்பில் வதக்கிக் கொடுப்பார்கள், அவர்கள் கணக்கில் அது சைவம்தான். கறி, மீன், முட்டை, விலங்குக் கொழுப்பு எதுவும் கூடாது என்று சீன எழுத்தில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்க. பாபா என்ற ரொட்டியின் அடுக்குகளிலும் அந்தக் கொழுப்பு இருக்கும். பயறு மாவில் செய்த ஜெல்லி மாதிரி ஒன்று உண்டு, மிளகாய், வினிகர் ஊற்றிக் குளிர வைத்துத் தருவார்கள், அம்மாவுக்கு அது ஒத்துவரலாம். வறுத்தது வேண்டாம், எண்ணெய் எதுவென்று தெரியாது.

பணத்துக்கு அலிபே செயலியில் விசா அல்லது மாஸ்டர்கார்டு இணைக்கணும், ரூபே மட்டும் வைத்துக்கொண்டு போகாதீங்க. 200 யுவானுக்கு மேல் ஒரே பில் வந்தால் 3 சதவீதம் கட்டணம். உள்நாட்டு விமானம் ஏறினால் பவர் பேங்கில் சீனாவின் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்கணும், இல்லையென்றால் பிடுங்கிக்கொள்வார்கள்.

சத்துவாச்சாரி வாசி:
மூன்று பேருக்கும் நன்றி. அம்மா பெரிய கேபிள் கார் வேண்டாம் என்று சொன்னால், மலைப் பக்கமே போகாமல் விட்டுவிடவா?

ஆற்காடு மலைநடை:
விட வேண்டாம். அடிவாரத்தில் நீலநிலாப் பள்ளத்தாக்கு என்று பச்சை நீலத் தண்ணீர்க் குளங்கள் இருக்கு, கேபிள் கார் ஏறும் இடத்தைவிட நல்ல தாழ்வு. சமதரை நடை, பனிச்சிகரம் நேர் எதிரே. இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்றால் யுன்ஷான்பிங் புல்வெளிக்குத் தனியாகச் சின்னக் கேபிள் கார், சுமார் 3,240 மீட்டர். நீங்க மேலே போய்வர, அம்மா கீழே இருந்தால் ஒரே இடத்தில் சந்திப்பு வைத்துக்கொள்ளுங்க, இறங்கும் வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. பைஷா சுவரோவியங்களை இரண்டாம் நாள் காலையே வைத்துவிடுங்க, மிங் அரச வம்சக் காலத்தவை, உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள். ரயிலுக்கு முன்கூட்டியே போங்க. காட்பாடியில் ஓடுகிற வண்டியைப் பிடிப்பது மாதிரி அங்கே நடக்காது, புறப்படும் நேரத்துக்குச் சில நிமிஷம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள்.