புதிதாகச் சேர்ந்த டீச்சருக்கு முதல் வருஷம் எப்படித் துணை நிற்பது?

கேள்வி:
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து 24 பிள்ளைகள், எண்ணும் எழுத்தும் (அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான அரசுத் திட்டம்) வகுப்பு. புது டீச்சர் கற்றல் நிலைப்படி, கீழிருந்து மேலாக, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார். ஒரு குழுவைக் கவனித்தால் மற்ற இரண்டும் கலைகிறது. நான் நாலு, அஞ்சு எடுக்கும் தலைமையாசிரியர். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
பாடத்தை விடுங்க சார், வேலை மாறும் அந்த இரண்டு நிமிஷத்தைப் பாருங்க. சத்தம் அங்கேதான் கிளம்பும். மலருக்குப் பயிற்சிநூல் பக்க எண்ணைக் கரும்பலகையில் எழுதி, மொட்டுக்கு எழுத்து அட்டைகளைக் கையில் கொடுத்த பிறகுதான் அரும்போடு தரையில் உட்காரணும். 10 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து ஒரு சுற்று. முடித்த பிள்ளைக்கு அடுத்த வேலை தெரியலைன்னா பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கத்தான் செய்யும்.

பதில் 2:
வகுப்பைப் பார்க்க நோட்டோடு போகாதீங்க, அது ஆய்வு மாதிரி ஆகிடும். முதலில் அவங்க உங்க வகுப்பில் 20 நிமிஷம் உட்காரட்டும், அப்புறம் நீங்க போங்க. அன்றைக்கே, பிள்ளைகள் கிளம்பினதும், ஒரே ஒரு விஷயம் பேசுங்க. அஞ்சு குறை சொன்னா ஒன்றும் மனசில் நிற்காது. பிள்ளைகள் முன்னாடி மட்டும் திருத்தவே கூடாது. அதோட வகுப்பு அவங்க கையை விட்டுப் போயிடும்.

பதில் 3:
எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவுகளை முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டுங்க. முக்கியமா, அவங்க சான்றிதழ்களுக்கு உண்மைத்தன்மை (போலியில்லை என்ற உறுதி) கேட்டு இப்போதே கடிதம் அனுப்ப வைங்க. அது தாமதமானால் தகுதிகாண் பருவம் (புது வேலையின் சோதனைக் காலம்) முடித்த ஆணை அப்படியே நிற்கும்.