கவலைப்படும் விதம்தான் பதற்றத்தைக் கூட்டுகிறதா?

கேள்வி: கவலை எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு மட்டும் அது பதற்றநோயாக முற்றுவது ஏன்? கவலையின் அளவா, கவலைப்படும் விதமா?

பதில் 1: விதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. “வாடகைக்கு 3,000 குறையுது, யார்கிட்ட கேட்கலாம்?” என்ற கவலை ஒரு முடிவில் போய் நிற்கும். “கட்டாவிட்டால்? வீட்டைக் காலி பண்ணச் சொன்னால்? பிள்ளை படிப்பு?” என்று ஓடுவது நிற்காது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக், கவலை காட்சியாக அல்லாமல் பெரும்பாலும் சொற்களாகவே ஓடுகிறது என்றார். அப்படி ஓடும்போது உடம்பின் படபடப்பு சற்று அமுங்கும். அந்தத் தற்காலிக நிம்மதியே பழக்கத்தை வளர்க்கும். பயந்தது நடக்காவிட்டால், கவலைப்பட்டதால்தான் தப்பித்தோம் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும்.

பதில் 2: செய்து பார்க்க ஒன்று: கவலைப்படுவதற்கென்றே ஒரு நேரம் ஒதுக்குங்கள். தினமும் மாலை 5 மணி, ஒரே நாற்காலி, 30 நிமிடம். பகலில் எழும் கவலையை நோட்டில் ஒரே வரியாக எழுதிவிட்டு, கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். 5 மணிக்கு அதை எடுத்து, செய்ய முடிந்ததற்கு அடுத்த படியை எழுதுங்கள். இதைப் படுக்கையில் செய்யவே வேண்டாம். பலர் தவறுவது இங்கேதான்: தள்ளிப்போடுவதற்குப் பதில் அடக்கப் பார்க்கிறார்கள். அடக்கினால் திரும்பத் திரும்ப வரும்.

பதில் 3: “போய்ச் சேர்ந்துட்டியா?” என்று பத்து தடவை போன் போடுவதும் கவலைக்குத் தீனிதான். ஒரு தடவையோடு நிறுத்துங்கள். 6 மாதமாகப் பெரும்பாலான நாள் இப்படியே, தூக்கமும் கெட்டு, கழுத்தும் இறுகினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டையும் சோதியுங்கள், அது மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம்.