98 கிலோ எடை, முழங்கால் வலி: இன்டர்வெல் பயிற்சி நமக்கு ஒத்துவருமா?

கோவை கணக்கர்:

வணக்கம். வயது 44, உயரம் 168 செ.மீ., எடை 98 கிலோ. நூற்பாலையில் கணக்குப் பிரிவு வேலை. காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே கல்லூரிப் பையன்களோடு நிறுத்தி பர்ப்பி, ஜம்பிங் ஜாக் எல்லாம் செய்யச் சொன்னார்கள். 40 விநாடி குதி, 20 விநாடி நில். இதுதான் எச்.ஐ.ஐ.டி., அதாவது அதிதீவிர இன்டர்வெல் பயிற்சி, கொழுப்பு இதில்தான் கரையும் என்றார் பயிற்சியாளர். சில நாளில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். தேய்மானம் லேசாக ஆரம்பித்திருக்கிறது, குதிக்க வேண்டாம், நடந்தால் போதும் என்றார். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது.

அப்புறம் இங்கே ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் தினமும் ஒரு சுற்று நடக்கிறேன். ஆனால் மாடி ஏறினால் முன்பு போலவே மூச்சு வாங்குகிறது. என் மாதிரி உடம்புக்கு ஏற்ற இன்டர்வெல் ஏதாவது இருக்கிறதா? இல்லை, அது ஒல்லியானவர்கள் சமாச்சாரமா? செய்தவர்கள் சொல்லுங்க.

சேலம் நடைக்காரர்:

ரிஸ்க் எடுக்காதீங்க சார். ஜிம் பக்கமே போக வேண்டாம். ராத்திரி சாப்பாட்டைக் குறைத்தாலே போதும், எடை இறங்கும். எனக்கு இறங்கியது.

பாளை உடற்கல்வி ஆசிரியர்:

தம்பி, இன்டர்வெல் என்றால் குதிப்பது இல்லை. கொஞ்ச நேரம் வேகம், கொஞ்ச நேரம் மெதுவாக, மறுபடி வேகம். அதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் கிடையாது. பள்ளியில் 400 மீட்டர், 800 மீட்டர் ஓடுகிற பிள்ளைகளை இப்படித்தான் தயார் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குக் காலையில் வருகிற பெரியவர்களுக்கு இதையே நடையாகச் சொல்லிக்கொடுக்கிறேன். நூறு கிலோவைத் தாண்டியவர்களும் வருகிறார்கள். ஒருவரையும் குதிக்க விட்டதில்லை.

இந்த முறைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்கள் 1930-களில் ஜெர்மனியில் இருந்த பயிற்சியாளர் கெர்ஷ்லரும் மருத்துவர் ரைண்டலும். ஓடி முடித்ததும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120 அளவுக்கு இறங்கிய பிறகுதான் அடுத்த ஓட்டம். இறங்கவில்லையா, அன்றைக்குப் பயிற்சி கனமாகிவிட்டது என்று அர்த்தம். இளைப்பாறும் அந்த நேரத்தில்தான் இதயம் பலப்படுகிறது என்பது அவர்கள் கொள்கை. கெர்ஷ்லரிடம் பயின்ற ஜெர்மன் ஓட்டக்காரர் ஹார்பிக் 1939-இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். அப்பேர்ப்பட்ட வீரருக்கே ஓய்வின் அளவை அவர் உடம்புதான் முடிவு செய்தது. உங்கள் ஜிம்மில் அதைச் சுவர்க் கடிகாரம் முடிவு செய்திருக்கிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

குறுகிய ஓய்வு முறைக்கு எல்லோரும் தபாத்தா என்ற ஆராய்ச்சியாளர் பெயரைச் சொல்வார்கள். ஜப்பானில் 1996-இல் வெளியான அந்த ஆய்வில் 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு. செய்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள். அதுவும் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிளில்! குதிப்பது அதில் எங்கேயும் கிடையாது.

உங்களுக்கு வேண்டியது அதே ஜப்பானில் மாட்சுமோட்டோ நகரத்து ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் நோசே என்பவரும் அவர் குழுவினரும் செய்தது. 2007-இல் வெளியிட்டார்கள். நடுவயதுக்காரர்களும் முதியவர்களுமாக, சராசரி வயது 60-ஐத் தாண்டிய கூட்டம். 3 நிமிடம் வேக நடை, 3 நிமிடம் மெதுநடை, இப்படி ஐந்து முறை, வாரத்தில் 4 நாள், 5 மாதம். ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்குத் தொடை பலம் கூடியது, மூச்சுத் திறன் கூடியது, ரத்த அழுத்தமும் நன்றாக இறங்கியது. நீங்கள் சுற்றி வந்தும் மாடியில் மூச்சு வாங்குவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. ஒரே வேகத்தில் நடந்தால் உடம்பு அந்த வேகத்துக்குப் பழகி அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் எடுத்த எடுப்பில் 3 நிமிடம் வேகம் வேண்டாம். முதல் பத்து நிமிடம் சும்மா நடங்கள். பிறகு 1 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவாக. இதை ஐந்து தடவை, கடைசியில் ஐந்து நிமிடம் ஆற அமர நடை. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் சுகமாகப் போனால் வேக நேரத்தை மட்டும் அரை நிமிடம் கூட்டுங்கள். கடிகாரம் பார்க்கப் பிடிக்கவில்லையா, விளக்குக் கம்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வேக நடையில் எட்டி எட்டி வைக்காதீர்கள், முழங்காலுக்கு அடி விழும். குட்டையாக, சீக்கிரம் சீக்கிரம் எடுத்து வையுங்கள், முழங்கையை மடித்துக் கையை வீசுங்கள். அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

இதற்கெல்லாம் முன்னால் டாக்டரிடம் சொல்லி ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். பிரஷர் இருக்கிறவர் நீங்கள், அதைத் தள்ளிப்போடக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் எது வந்தாலும் நின்றுவிட்டு நேராக மருத்துவமனை.

கோவை கணக்கர்:

ரொம்ப நன்றிங்க சார். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், ஈசிஜி சரியாக இருக்கிறது, நடக்கலாம் என்றார். இன்னொரு சந்தேகம். ஜிம்மில் 220-இல் வயதைக் கழி, உனக்கு 176, துடிப்பு 150-க்குப் போக வேண்டும் என்றார்கள். எவ்வளவு வேகமாக நடந்தாலும் என் வாட்ச் 115-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. நான் சாப்பிடுவது மெட்டோப்ரோலால். இதனால் பலன் குறையுமா?

திருச்சி பிசியோ:

சார், நான் பிசியோதெரபிஸ்ட். மெட்டோப்ரோலால் இதயத் துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும் மாத்திரை. அந்த 220 கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. 150-ஐ எட்ட வேண்டும் என்று முட்டி மோதினால் அளவுக்கு மீறிப் போய்விடுவீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. பேச்சை வைத்துப் பாருங்கள். வேக நடையில் ஒரு சின்ன வாக்கியம் பேசிவிட்டு மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் அந்த வேகம் சரி. கதை பேச முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். ஒரு சொல்கூட வரவில்லை என்றால் அதிகம். மெதுநடை முடிவதற்குள் பேச்சு இயல்புக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் சேர்த்து மெதுவாக நடங்கள், தப்பே இல்லை.

முழங்காலுக்கு மறுநாள் காலைதான் பரீட்சை. நடக்கும்போது லேசான வலி இருந்து ராத்திரிக்குள் அடங்கினால் தொடரலாம். காலையில் எழும்போது வீக்கமோ கூடுதல் வலியோ இருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். இறக்கத்தில் வேகம் வேண்டவே வேண்டாம். நடக்காத நாட்களில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்துப் பத்தாக இரண்டு முறை. நாற்காலி கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். மழை நாளில் நிலை சைக்கிளில் இதே கணக்கு. மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். பலர் சீட்டைத் தாழ்வாக வைத்துத்தான் வலியை வாங்கிக்கொள்கிறார்கள்.

நாகர்கோவில் டீச்சர்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 51, எடை 83, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் எடுக்கிறேன். வெறும் வயிற்றில் இந்த வேக நடை போகலாமா?

திருச்சி பிசியோ:

வெறும் வயிற்றில் வேண்டாம் டீச்சர். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிமிப்பிரைடு சர்க்கரையைத் தாழ இறக்கிவிடக் கூடியது. முதலில் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காலை உணவு முடித்து ஒரு மணி நேரம் கழித்து நடப்பது நல்லது. பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்தால் நின்று அதை வாயில் போட்டுவிட்டுத்தான் மற்றது. தனியாகப் போக வேண்டாம். செருப்பு வேண்டாம், சாக்ஸோடு ஷூ போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். டென்மார்க்கில் உங்களைப் போல இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வை 2013-இல் வெளியிட்டார்கள். 3 நிமிட வேகம், 3 நிமிட மெதுவாக என்று நடந்தவர்களுக்கு, அதே அளவு சக்தியைச் சீரான நடையில் செலவிட்டவர்களைவிடச் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. ஆகவே தாராளமாக ஆரம்பியுங்கள்.

பாளை உடற்கல்வி ஆசிரியர்:

பிசியோம்மா சொன்னது அத்தனையும் சரி. தம்பி, எடையைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்துக்காரர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அரை மணி நேர நடையில் உங்கள் எடைக்குச் சுமார் 200 கலோரி செலவாகும். இரண்டு மெதுவடை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். கொழுப்பு குறைவதில் இன்டர்வெல்லும் சீரான பயிற்சியும் ஏறக்குறைய ஒன்றுதான், ஜிம்காரர் சொன்ன மாயம் எதுவும் இல்லை. எடைக்குச் சாப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் மாடி ஏறுகிற தெம்பு வராது, அது காலில் இருந்துதான் வர வேண்டும். அதனால் தினமும் எடைமெஷினில் ஏறி மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் வருவது நல்லது. ரேஸ் கோர்ஸ் ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, மாடி ஏறி முடித்ததும் பேச முடிகிறதா, இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது இடுப்பு எவ்வளவு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று இங்கே போடுங்கள். வேக நேரத்தை எப்போது 3 நிமிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

கோவை கணக்கர்:

இடுப்பு 112 செ.மீ., ஒரு சுற்றுக்கு 34 நிமிடம். திங்கள் காலையில் ஆரம்பிக்கிறேன் சார்.